தறிக்குழியிலிருந்து கழிமுகம் வரை

ஐப்பசியில் மூன்று நாள் மழை விடாமல் பிடித்தால் எங்கள் தெருவில் தறிச்சத்தம் நின்றுவிடும். பிள்ளையார்பாளையத்து வீடுகளில் அப்போதெல்லாம் குழித்தறிதான். நெய்கிறவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிப்பலகையை மிதிப்பார். மழைக்காலத்தில் அந்தக் குழியின் அடியிலிருந்து நீர் ஊறும். கூரை ஒழுகாது, வாசலில் வெள்ளம் வராது, ஆனால் குழிக்குள் முதலில் ஈரம் கட்டும், பிறகு கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். அப்பா விடிந்ததும் குழிக்குள் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு என்னை அனுப்புவார்.

"கோடி வீட்டுல தண்ணி வந்துடுச்சான்னு பார்த்துட்டு வாடா. அங்க வந்துட்டா நமக்கு நாளைக்கு."

அவர் சொன்னது ஒருமுறைகூடத் தப்பியதில்லை. கோடி வீட்டில் இன்று, எங்கள் வீட்டில் நாளை, பிள்ளையார் கோயிலை ஒட்டிய வீட்டில் அதற்கு மறுநாள். கண்ணுக்குப் பலகை போலத் தட்டையாகத் தெரிந்த தெரு உண்மையில் சாய்ந்திருக்கிறது என்று பத்து வயதில் நான் தெரிந்துகொண்டது அப்படித்தான். அன்றிலிருந்து அந்தச் சாய்வின் மேல் எனக்கு ஒரு தீராத ஆசை. முப்பது வருடமாக நடந்தும் சைக்கிள் மிதித்தும், வாய்த்தபோது துடுப்புப் போட்டும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் மேலே பார்த்துக்கொண்டு வருகிறார்கள். 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் 192 அடி உயரம், பார்க்க வேண்டியதுதான். ஆனால் இந்த ஊரின் நுட்பம் காலுக்குக் கீழே இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம், கிழக்கே அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் கடல். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டரும் கொஞ்சமும்தான் இறக்கம். அந்த ஒரு மீட்டரை வைத்துக்கொண்டுதான் நம் முன்னோர் ஏரிக்குப் பின் ஏரியாக, கால்வாய்க்குப் பின் கால்வாயாக ஒரு நாட்டையே நனைத்திருக்கிறார்கள். மலைநாட்டில் நீரை இறக்குவது எளிது. இந்தச் சமவெளியில் அதை வழிநடத்தக் கை மிகவும் நிதானமாக இருந்திருக்க வேண்டும்.

நடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நடைக்குத்தான் ருசி அதிகம்.

நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். வெயில் ஏறினால் மண் காய்ந்து, நீர் போன தடம் அழிந்துவிடும். எங்கள் தெருக்கள் நீளமாக, வளைவில்லாமல், அகலமாக இருக்கும். காரணம் பாவு. மூன்று சேலைக்கான பட்டுப் பாவைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிரித்துச் சரிபார்ப்பார்கள், வெயில் உறைக்குமுன் முடித்தாக வேண்டிய வேலை. தெரு வளைந்தால் பாவு வளையும். மழைக்கு மறுநாள் பாவு வராது, தெரு காலியாக இருக்கும். அந்த நேரத்தில் ஓரமாக ஓடும் நீரைப் பாருங்கள். பாவு போடுகிற தெருவில் நீர் மெதுவாக, அகலமாக நகரும், குறுக்குச் சந்து வந்ததும் சட்டென்று சுருங்கி வேகம் பிடிக்கும். எந்தத் திருப்பத்தில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நான் முடிவு செய்வதில்லை, நீர் திரும்புகிற பக்கம் திரும்புவேன். இப்படி நடந்தால் பழகிய ஊரே வேறு ஊராகிவிடும். பத்து வருடமாகக் கடந்துபோன ஒரு வாசற்படி ஏன் பக்கத்து வாசலைவிட ஒரு கல் உயரமாக இருக்கிறது என்பது அப்போது புரியும்.

எங்கள் பகுதியின் மேற்கு விளிம்பில் கைலாசநாதர் கோயில். கி.பி. 700ஐ ஒட்டி ராஜசிம்ம பல்லவன் கட்டிய மணற்கல் கோயில். சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாக 58 சிற்றாலயங்கள், ஒவ்வொன்றும் ஓர் ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் அளவு. சிற்பங்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் அங்கே மழைநாளில் போய் நிற்பது கல்லின் மேல் நீர் இறங்குவதைப் பார்க்க. ஆயிரத்து முந்நூறு வருட மழை தேய்த்த மூலைகளும் மடிப்புகளும் நனைந்தால்தான் தெளிவாகத் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்துதான் மஞ்சள் நீர் கால்வாய் ஊருக்குள் புகுந்து, கிழக்கே நத்தப்பேட்டை ஏரியை நோக்கிப் போகிறது. பெயரில் இருக்கிற மஞ்சளும் மங்கலமும் இன்றைக்கு அந்த நீரில் இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. எனக்கு மனம் கனக்கிறது. இருந்தாலும் அதன் கரையோடு போகிறேன், ஏனென்றால் ஊரின் சாய்வை அதைவிடத் துல்லியமாகச் சொல்லும் கோடு வேறில்லை.

காஞ்சியில் நடக்கிறவர்கள் தவறவிடக்கூடாத வழி ஒன்று உண்டு. சின்ன காஞ்சிபுரத்துத் திருவெஃகாவிலிருந்து பாலாற்றங்கரை ஓரிக்கை வரை. திருவெஃகாவின் கதையே நீரின் கதை. பிரம்மாவின் வேள்வியை அழிக்க சரஸ்வதி வேகவதி ஆறாகப் பெருகி வர, பெருமாள் அவள் வழியில் குறுக்கே படுத்து அணையானார் என்பது தலபுராணம். தெய்வத்தை அணைக்கட்டாகக் கற்பனை செய்த ஊர் வேறெங்கே இருக்கிறது? வெள்ளத்தோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் அது தோன்றும். அதே பெருமாள், பல்லவ அரசன் திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனை ஊரைவிட்டு அனுப்பியபோது, ஆழ்வாரின் சொல்லுக்கு இணங்கிப் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தார். மூவரும் ஓரிரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை, இன்றைய ஓரிக்கை. அரசன் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப அழைத்துவந்தான். தெருக்களும் வயல்களும் கலந்த அந்தச் சிறிய தூரத்தை நடக்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு ஒன்று தோன்றும்: அவர்கள் போனதும் நீர் போகும் திசையில்தான். ஊரைத் துறந்து கிளம்புகிறவனுக்குக் கால் இறக்கத்தில்தான் போகும் போலிருக்கிறது.

சைக்கிளின் இன்பம் வேறு. கால் நடந்து அறியாததை மிதி அறியும்.

அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிள்தான் இன்னும் என்னிடம் இருக்கிறது. கியர் கிடையாது. சாய்வைப் படிக்க கியர் இல்லாத சைக்கிள்தான் வேண்டும், கியர் இருந்தால் அது சாய்வை விழுங்கிவிடும். காற்று ஒன்றுதான் ஏமாற்றும். ஆடியில் எதிர்க்காற்றில் மிதிக்கிறவன் சமதரையை மேடு என்று சத்தியம் செய்வான். அதனால் இலை அசையாத விடியலில், ஒரே சாலையை இரண்டு திசையிலும் போய்ப் பார்க்க வேண்டும். போகும்போது தொடை சொன்னதும் வரும்போது தொடை சொன்னதும் ஒத்துவந்தால் நம்பலாம். ஊர்ப்பெயர்களும் உதவிக்கு வரும். செவிலிமேடு, திருக்காலிமேடு, பொன்னேரிக்கரை, ஐயங்கார்குளம். மேடு எது, கரை எது, குளம் எது என்று பெயர் வைத்தவர்கள் கண்ணால் மட்டும் பார்த்து வைத்திருக்க மாட்டார்கள்.

ஏழாம் நூற்றாண்டில் இங்கே வந்த சீன யாத்திரிகர் சுவான்சாங், தலைநகரின் சுற்றளவு ஏறக்குறைய 30 லி என்று எழுதினார். இன்றைய கணக்கில் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் வரும். அவர் சுற்றிய வட்டம் எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அளவுக்கு நானே ஒரு வட்டம் வகுத்துக்கொண்டு, கைலாசநாதர் கோயிலில் தொடங்கி செவிலிமேடு, ஓரிக்கை, வரதராஜர் கோயில், திருக்காலிமேடு என்று சுற்றி, சர்வதீர்த்தக் குளத்தங்கரையில் வந்து இறங்குவேன். நிதானமாக மிதித்தால் ஒரு மணி நேரம் ஆகும். தென்மேற்கில் சைக்கிள் தானாக ஓடும், வடக்கே திரும்பியதும் கனக்கும்.

ஏரிக்கரை மேல் சைக்கிள் ஓட்டுவதுபோல ஒரு சுகம் கிடையாது. ஒருபக்கம் நீர், மறுபக்கம் ஆள் உயரத்துக்குக் கீழே பச்சை. மதகு எங்கே, கலங்கல் எங்கே என்று பார்த்துக்கொண்டே போகலாம். மதகு வழியாகப் போவது வயலுக்கு, கலங்கல் தாண்டி வழிவது அடுத்த ஏரிக்கு. ஒருவன் நிறைந்த பிறகே அடுத்தவனுக்கு என்ற அந்த வரிசையும், கோடி வீட்டுக்கு இன்று நமக்கு நாளை என்ற அப்பாவின் கணக்கும் ஒரே சாய்விலிருந்து வந்தவை என்று எனக்குப் புரிந்தது ஒரு கலங்கலின் மேல் உட்கார்ந்திருந்தபோது.

செவிலிமேட்டுப் பாலத்தில் நின்றால் பாலாறு. பெரும்பாலான மாதங்களில் மணல்தான். நந்தி மலைப் பக்கம் பிறந்து 348 கிலோமீட்டர் வருகிற ஆறு, இங்கே மணலுக்கு அடியில் ஓடுகிறது. 2021 நவம்பரில் மேலேயும் ஓடியது, இரு கரையும் தொட்டுக்கொண்டு. பாலத்தில் நின்றவர்கள் பேச்சற்றுப் போயிருந்தோம். ஆற்றைத் தாண்டினால் ஐயங்கார்குளம், அங்கே நடவாவிக் கிணறு. பூமிக்குள் படி இறங்கிப் போனால் தூண்களுடன் ஒரு மண்டபம், அதன் நடுவே கிணறு. வருடம் முழுவதும் நீருக்குள் இருக்கும் அந்த மண்டபத்தைச் சித்ரா பௌர்ணமிக்கு முன் இறைத்துக் காலி செய்வார்கள், வரதராஜப் பெருமாள் வந்து இறங்குவார். அந்த இறங்குபடிகளில் கால் வைத்தபோது எனக்கு எங்கள் வீட்டுத் தறிக்குழி ஞாபகம் வந்தது. சுவரில் கை வைத்தேன், அதே ஈரம்.

கொஞ்சம் கூடுதலாக மூச்சு இருக்கிறவர்கள் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் மிதித்துப் பழைய சீவரம் போகலாம். எதிர்க்கரையில் திருமுக்கூடல், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு இருக்கிறது, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையையும் அதில் வேலை செய்த மருத்துவரையும் மருந்துகளையும் வரிசைப்படுத்துகிறது. எங்கள் தெருவோரம் ஓடிய நீரில் ஒரு பங்காவது வேகவதி வழியாக இங்கே வந்து சேர்ந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு அந்த மணலில் உட்கார்ந்திருப்பது எனக்குப் போதும்.

துடுப்புக்குக் காஞ்சியில் இடமில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரே கலம் தெப்பம், அது குளத்தைச் சுற்றிவரும், எங்கும் போகாது. அதனால் கடற்கரைக்குப் போனேன். பாலாறு வயலூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது. அதற்கு வடக்கே முட்டுக்காட்டில் கோவளம் கழிமுகம், அங்கே துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும். அதை ஒட்டித்தான் பக்கிங்காம் கால்வாய் போகிறது.

அந்தக் கால்வாயை நெசவுக்காரன் கண்ணால் பார்த்தால் ஒன்று தெரியும். நம் ஆறுகள் எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே, பாவு மாதிரி. இது ஒன்று மட்டும் அவற்றின் கோடியில், வடக்குத் தெற்காக, ஊடை போலக் குறுக்கே போகிறது. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே சிறிதாகத் தொடங்கியது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் கஞ்சிக்குக் கூலிவேலை செய்த மக்களின் கைகளால்தான் பெரும் பகுதிகள் இணைக்கப்பட்டன. ஆந்திரத்திலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர். உப்பும் விறகும் சுமந்த தோணிகள் போன வழி. பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாயில் தோணியேறிப் போனதை 'மாவலிபுரச் செலவு' என்று பாட்டாகவே எழுதியிருக்கிறார். தோணியில் இருப்பவன் அமர்ந்திருக்க, கரையில் ஒருவன் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு நடப்பான். நடையும் படகும் ஒரே கயிற்றில் கட்டப்பட்ட அந்தப் பயணம் இனி யாருக்கும் வாய்க்காது. சென்னை நகருக்குள் கால்வாயின் மேல் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன.

முட்டுக்காட்டில் முதல் பத்து நிமிடம் எனக்குத் துடுப்புப் பிடிபடவில்லை. தறியில் கை பழகியவனுக்கு இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும், இங்கே இரண்டும் சேர்ந்து இழுக்க வேண்டும். பிறகு தாளம் வந்தது. முழங்கால் உயரத்தில் நீர், உடம்பு முழுவதும் அதன் மட்டத்தில். அலையாத்திச் செடிகளின் நிழல், நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. ஆனால் முப்பது வருடமாகக் காலும் தொடையும் பழகிய அந்தச் சாய்வு எங்கே என்று தேடினேன். கிடைக்கவில்லை. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே கனம்.

கூட வந்த படகுக்காரரிடம் கேட்டேன். "அண்ணே, தண்ணி எந்தப் பக்கம் போவுது?"

அவர் சிரிக்கவில்லை. நல்ல கேள்வியைக் கேட்ட மாதிரி தலையசைத்தார். "நேரத்தப் பொறுத்து சார். முகத்துவாரம் தொறந்திருந்தா ஆறு மணி நேரம் கடலுக்குப் போவும், ஆறு மணி நேரம் உள்ள வரும். துடுப்ப எடுத்து மடியில வச்சுக்குங்க, தானா தெரியும்."

எடுத்து வைத்துக்கொண்டேன். துடுப்பிலிருந்து சொட்டு விழுகிற சத்தம் நின்றது. படகு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு பக்கத்தில் மிதந்த ஒரு காய்ந்த இலையோடு சேர்ந்து, மெல்ல, நிலத்துக்குள், மேற்கே நகரத் தொடங்கியது. வாடகை நேரம் முடியும்வரை நான் துடுப்பைத் தொடவில்லை.