ஒத்திகை என்னும் பள்ளி

அவ்வை தி. க. சண்முகம் எழுதி 1972இல் வெளிவந்த 'எனது நாடக வாழ்க்கை' நூலை, தமிழ் நாடக வரலாறாகப் பலரும் போற்றுவர். ஒத்திகை ஒரு மனிதனை எவ்வாறு உருவாக்குகிறது என்று அறிவதற்காகவும் அதனைப் படிக்கலாம். பங்குகளில் நாடகம் நடத்தும் நமக்கு இந்த இரண்டாம் வாசிப்பே மிகுந்த பயன் தரும்.

1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையில் சேர்ந்தபோது சண்முகத்துக்கு வயது ஆறு. வாத்தியார் சொல்லித்தரும் பாடலையும் வசனத்தையும் நெட்டுருச் செய்வதே அங்குப் பிள்ளைகளின் கல்வி. சண்முகம் நடிப்பதற்கென்றே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார். மாணவனின் குரலையும் வயதையும் அறிந்த ஆசான், பாத்திரத்தை அவனிடம் கொண்டுவந்து சேர்த்தார் எனலாம்.

1942இல் 'ஔவையார்' நாடகம் அரங்கேறியபோது நிலைமை வேறு. முப்பது வயது ஆடவர் மூதாட்டியாக மாற வேண்டும். வழிகாட்ட ஆசான் இல்லை. இம்முறை நடிகரே பாத்திரத்தைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. அப்பாத்திரத்தின் பெயரே பின்னர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இளமையில் கற்ற கீழ்ப்படிதல் இன்றி இந்தச் சுதந்திரம் கைகூடியிருக்குமா?

எனினும், அக்கட்டுப்பாட்டுக்குப் பாலர் சபைப் பிள்ளைகள் தந்த விலை அவர்களுடைய விளையாட்டுப் பருவம். நன்றியுணர்வோடு எழுதப்பட்ட இந்நூலில் அவ்விலையை வாசகரே எண்ணிப் பார்த்தல் வேண்டும். பயிற்சியின் மேன்மையைப் போற்றும்போது குழந்தையின் களைப்பை மறப்பது அறமாகாது.

இறுதிக் காலத்தில் பக்கவாதம் சுவாமிகளின் பேச்சைப் பறித்தது. 1922இல் அவர் மறைந்தார். ஆயினும் அவருடைய சொற்கள் மாணவர் நாவில் தொடர்ந்து ஒலித்தன. ஒத்திகையின் உட்பொருள் இதுவே: பிறருடைய சொல்லுக்குத் தன் குரலைத் தருதல். தம்மை வெறும் குரல் என்றே அறிவித்துக்கொண்ட திருமுழுக்கு யோவான் இதற்கு நமக்குத் தெரிந்த முன்மாதிரி.

செம்பாக்கம் போன்ற புறநகர்ப் பகுதிகளில், பணி முடிந்து தாம்பரத்தில் இரயிலை விட்டிறங்கும் இளைஞர்க்கு ஒத்திகைக்கென ஒரு மணி நேரம் கிடைப்பதே அரிது. கையில் தாளோடு அவசரமாக ஒப்பித்துவிட்டுத் திருப்பாடுகளின் காட்சியில் நின்றுவிட முடியும், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் பேதுருவின் மறுதலிப்பை இருபது முறை சொல்லிப் பழகியவர், இருபத்தோராம் முறை அச்சொல் தம்முடையதும்தான் என்று உணரக்கூடும். அந்த உணர்வு பிறக்கும் இடம் ஒத்திகை அறை. அதற்குரிய நேரத்தை ஒதுக்கிக் கொடுப்பது நம் பங்குகளின் கடமை.