நூற்பாவும் பத்தியும்

உரைநடையின் உறுப்புக்களை எண்ணப் புகுவோர் எழுத்து, சொல், தொடர் என்னும் மூன்றனையும் எண்ணி அவற்றிற்கு இலக்கணமும் காட்டுவர். தொடருக்கும் நூலுக்கும் இடையே நிற்கும் பத்தியினை அவர்கள் பெரும்பாலும் கருதுவதில்லை. படிப்போர் கண் இளைப்பாறுதற்பொருட்டு நீண்ட எழுத்தை இடையிடையே முறித்து வைப்பதே பத்தி என்பது பலர் கொண்ட கருத்து. ஆராய்ச்சியுரைகளில் இக்கருத்தால் விளையும் கேடு சிறிதன்று. ஒரு முடிபு எங்குத் தோன்றிற்று, எதனால் நிறுவப்பட்டது என்பவற்றைப் படிப்போர் காணுமிடம் பத்தியே. அது சிதையுமாயின், ஆராய்ச்சியாளர் தாமே கண்டது எது, பிறர்பாற் பெற்றது எது என்று பிரித்தறிதல் அரிதாகும். ஆதலின் பத்தியை வளர்த்தெடுக்கும் முறை யாது என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பத்தி மேனாட்டார் வழிவந்த புதுமை என்று கூறுவோர் உளர். அதன் வடிவம் அச்சோடு வந்தது என்பதில் ஐயமில்லை. ஓலைச்சுவடிகளிற் பத்தி பிரித்தெழுதும் வழக்கம் இல்லை; இக்கால நிறுத்தக்குறிகள் இல்லை; மெய்யெழுத்திற்குரிய புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. ஆயினும் உரையாசிரியர்தம் உரைகளில் ஒரு கருத்து முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தை அறிதல் பயின்றார்க்குக் கடினமன்று. சொற்களே அவ்விடத்தைக் காட்டி நின்றன. 'என்றவாறு' என்பது பொழிப்பின் முடிவைக் காட்டும். 'இனி' என்பது புதுப்பகுதிக்கு வாயிலாகும். 'அற்றேல்', 'அஃதேல்' என்பன ஐயத்தை எழுப்பும். 'என்க' என்பது துணிவைத் தெரிவிக்கும். பின்னர், 19ஆம் நூற்றாண்டில், ஆறுமுக நாவலர் (1822–1879) போன்றோர் நிறுத்தக்குறிகளை உரைநடையில் நிலைபெறச் செய்தனர். அச்சுத்தாளில் வெற்றிடம் விட்டுப் பிரிக்கும் முறையும் பரவிற்று. வெற்றிடம் வந்தது நன்றே. ஆனால் அது வந்தபின், கருத்தைக் காட்டும் பொறுப்பையும் அவ்வெற்றிடமே மேற்கொள்ளும் என்று எழுதுவோர் எண்ணத் தலைப்பட்டமைதான் இன்றைய குறைக்கு அடிப்படை.

வெற்றிடமின்றியே பத்தி அமையும் என்பதற்குப் பரிமேலழகர் உரை சிறந்த சான்றாகும். அவர் திருக்குறளின் ஒவ்வோர் அதிகாரத்தின் தொடக்கத்திலும் அவ்வதிகாரம் நுதலிய பொருள் இன்னதென வரையறுத்து, அது முன்னையதன்பின் வைக்கப்பட்ட முறைமையையும் காட்டுகின்றார். பின்னர், பத்துக் குறட்பாக்களையும் ஒரே கோவையாக விட்டுவிடாமல், இத்தனை பாட்டான் இன்னது கூறப்பட்டது என்று ஆங்காங்கே தொகுத்துரைத்துச் செல்கின்றார். மூலத்தில் வரிசையாக நிற்கும் பத்துப் பாட்டு, அவருடைய தொகுப்புரையால் இரண்டும் மூன்றுமாகக் கூடிப் பொருட்பகுதிகளாகின்றன. முன்னதனோடு இயைபு காட்டித் தொடங்குதல், ஒரு பொருளை எல்லையிட்டுக் கொள்ளுதல், அப்பொருளைத் தொகுத்து முடித்தல் ஆகிய மூன்றும் ஆண்டு உள்ளன. பத்தி எனப்படுவது இம்மூன்றும் அன்றி வேறு யாது?

இம்முறைக்கு இலக்கணம் தேடுவார் நன்னூற் பொதுப்பாயிரத்தைக் காண்டல் வேண்டும். காண்டிகையுரையின் உறுப்புக்களாகப் பவணந்தி முனிவர் கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என ஐந்தனைக் கூறுகின்றார். இவை நூற்பாவிற்கு உரை காண்பார்க்கு வகுத்தவையே. ஆயினும் உரைநடைப் பத்தி வளரும் வழிகளும் இவ்வைந்தே என்பது எம் கருத்து. வேறுபாடு ஒன்று உண்டு. உரையாசிரியர் முன்னே நூற்பா முன்னரே நின்றது; அதனைப் பிறர் செய்து வைத்திருந்தனர். இக்காலக் கட்டுரையாசிரியர் முன்னே அங்ஙனம் ஒன்றும் நிற்பதில்லை. அவர் தமக்குரிய நூற்பாவைத் தாமே செய்துகொண்டு, பின் தாமே அதற்கு உரையும் காண வேண்டியவராகின்றார். உரைமரபிலிருந்து உரைநடைக்கு வந்த நாம், உரையை மட்டும் கொணர்ந்து நூற்பாவை மறந்துவிட்டோம். பத்திகள் உயிரின்றிக் கிடப்பதற்குக் காரணம் இதுவே.

பத்தியின் நூற்பா எவ்விடத்து நிற்றல் வேண்டும் என்னும் வினா மேனாட்டாரிடையும் நிகழ்ந்தது. ஸ்காத்துலாந்தைச் சார்ந்த அலெக்சாண்டர் பெயின் 1866இல் வெளியிட்ட ஆங்கிலக் கட்டுரையியல் நூலில் பத்திக்குரிய விதிகளை வகுத்தார். தோற்றுவாயாக அமையும் தொடர் ஒழிய, பத்தியின் முதற்றொடர் அதன் பொருளைச் சுட்டுதல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பள்ளிப் பாடநூல்கள் இதனை மாறா விதியாகக் கொண்டன. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ரிச்சர்டு பிராடாக் 1974இல் இதழ்க் கட்டுரைகள் இருபத்தைந்தினை ஆராய்ந்து, அத்தகைய தொடரோடு தொடங்கும் பத்திகள் ஏறத்தாழ நூற்றுக்கு 13 அளவினவே என்று காட்டினார். வெளிப்படையான பொருட்டொடர் இல்லாத பத்திகளும் அவற்றுட் பல. இதனால் பொருட்டொடர் வேண்டா என முடிப்பது பொருந்துமோ எனின், பொருந்தாது. அவர் ஆராய்ந்தவை தேர்ந்த எழுத்தாளர் பொதுமக்கட்கு எழுதிய கட்டுரைகள். ஆண்டுப் படிப்போர் கருத்தைத் தாமே உய்த்துணர்ந்து மகிழலாம். ஆராய்ச்சியுரையைப் படிப்போர்க்கு அக்கருத்தைச் சோதித்துப் பார்க்கும் கடமை உண்டு. மறைந்து நிற்பதைச் சோதித்தல் இயலாது. ஆதலின் நூற்பாத்தொடர் வெளிப்பட நிற்றல் வேண்டும். அது முதலில் நிற்பினும் பரிமேலழகர் தொகுப்புரைபோல் இறுதியில் நிற்பினும் குற்றமில்லை.

எத்தகைய தொடர் நூற்பாவாகும் என்பதனை ஒரு காட்டால் விளக்குதும். குறுந்தொகை பற்றி எழுதப்புகும் மாணவர் ஒருவர் பின்வருமாறு ஒரு பத்தி அமைப்பதாகக் கொள்வோம்: 'குறுந்தொகை எட்டுத்தொகை நூல்களுள் ஒன்று. இதனைத் தொகுத்தவர் பூரிக்கோ. இதன்கண் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள் உள்ளன. பாடல்கள் 4 முதல் 8 வரை அடிகள் உடையன. இந்நூல் 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனாராலும், 1937இல் உ. வே. சாமிநாதையராலும் பதிப்பிக்கப்பெற்றது.' இவற்றுட் பொய் ஒன்றுமில்லை. ஆயினும் இது பத்தியன்று. முதற்றொடர் ஒரு பெயர்ப்பலகையாக நிற்கின்றதே ஒழிய, எதனையும் நிறுவ முற்படவில்லை. தொடர்களை முன்பின்னாக மாற்றி வைப்பினும் பொருள் கெடாது. மாற்றி வைத்தாலும் கெடாத தொடர்களுக்குள் வளர்ச்சி இல்லை என்பது தேற்றம்.

அதே செய்திகளுள் ஒன்றனை மட்டும் எடுத்து யாம் ஒரு பத்தி அமைத்துக் காட்டுகின்றோம்: 'குறுந்தொகையின் அடிச்சிறுமை, நிகழ்ச்சியையும் இயற்கைப் புனைவையும் ஒருங்கே விரித்தற்கு இடந்தருவதில்லை. அடிச்சிறுமை என்றது 4 முதல் 8 வரை என்னும் வரையறையை. 307, 391 ஆம் பாடல்கள் 9 அடியினவாயினும், அகநானூற்றின் சிற்றெல்லையாகிய 13 அடிக்கு அவையும் மிகக் குறைந்தனவே. 40ஆம் பாட்டில் 5 அடிகளுள் முதல் மூன்றும் காதலர் இருவரிடையே முன்னுறவு இன்மையை வினாக்களாக அடுக்குகின்றன. இயற்கைக்குக் கிடைத்தது நான்காம் அடியாகிய உவமை ஒன்றே. அஃதேல், இதனினும் குறுகி 3 முதல் 6 வரை அடிகளால் நடக்கும் ஐங்குறுநூற்றில் கருப்பொருள் விரிந்து நிற்பது எங்ஙனம் எனின், ஆண்டு அது தனிப்பாட்டில் விரியவில்லை. களவன் பத்து, எருமைப் பத்து என்றாற்போலப் பத்துப் பாட்டின்மேல் பரந்து விரிகின்றது. ஆகவே அடிச்சிறுமையின் கட்டுப்பாடு தனிப்பாட்டளவில் நிற்பதே அன்றித் தொகுப்பின்மேற் செல்வதன்று.'

இப்பத்தியில் முதற்றொடர் கருத்து. அது மறுக்கப்படக் கூடியது, ஆதலின் நூற்பாவாகத் தகும். இரண்டாந்தொடர் பதப்பொருள், கருத்தில் வந்த சொல்லின் எல்லையை அது வரையறுக்கின்றது. 40ஆம் பாட்டினை எடுத்துரைப்பது காட்டு. 'அஃதேல்' எனத் தொடங்குவது வினாவையும் விடையையும் ஒருங்கு கொண்டது. இறுதித்தொடர் தொடக்கத்திற் கூறியதை மீண்டும் கூறவில்லை. வினாவால் திருந்திய வடிவில் கூறுகின்றது. ஆராய்ச்சிப் பத்தியின் பயன் இதுவே என்க. பத்தி தொடங்கும்போது இருந்த கருத்தும் முடியும்போது இருக்கும் கருத்தும் முற்றும் ஒன்றாயின், இடையில் நின்ற தொடர்கள் அணிகளாகவே நின்றன எனல் வேண்டும். ஒரு பாட்டினைக் காட்டியதால் கருத்து முற்றும் நிலைபெற்றுவிடாது என்பதும் உண்மையே. புனைவு விரிந்து நிகழ்ச்சி சுருங்கிய பாடல்களையும், இரண்டும் ஒருங்கே விரிந்தனபோல் தோன்றும் பாடல்களையும் கொண்டு சோதிப்பது அடுத்த பத்திகளின் கடமையாகும். ஒரு பத்தியின் குறையே அடுத்த பத்திக்குப் பிறப்பிடமாதல் இங்ஙனம்.

இவ்வைந்தனுள் நம் ஆராய்ச்சியுரைகளிற் பெரிதும் குறைவன வினாவும் விடையும். பெரிதும் மிகுவது காட்டு. ஒரு தொடர் எழுதி, மேற்கோள் ஒன்று. மீண்டும் ஒரு தொடர், மற்றொரு மேற்கோள் என்று தொடுத்துச் செல்வது பலர்க்கு வழக்கமாகிவிட்டது. மேற்கோளின் பெருமை எழுதுவோர்தம் கருத்தின் வறுமையை மறைத்துவிடுகின்றது. சேனாவரையர் பிறர் உரையை எடுத்துக்காட்டும்போது அதனை ஏற்றலோ மறுத்தலோ செய்து, அதற்குக் காரணமும் காட்டுவர். எடுத்துக்காட்டிவிட்டு வாளா செல்லுதல் அவர் இயல்பன்று. மேற்கோள் இட்டபின் அதிலிருந்து எதனைப் பெற்றோம் என்று ஒரு தொடரேனும் எழுதாத பத்தி, சாட்சியை அழைத்துவந்து வினாவாமலே அனுப்பிய வழக்கு மன்றத்தை ஒக்கும்.

பிற குறைகளையும் நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களின் பெயராலேயே சுட்டலாம். நூற்பாவிற்கு இயைபில்லாத செய்தியை அறிந்தோம் என்பதற்காகவே சேர்த்தல் மற்றொன்று விரித்தல். வலிய கருத்தொடு தொடங்கி, சான்று காட்டவேண்டிய இடத்து மெலிந்து போதல் சென்று தேய்ந்திறுதல். ஒரு தொடரை ஒரு பத்தியாக விட்டு விட்டு எழுதும் செய்தித்தாள் வழக்கம் ஆராய்ச்சியில் குன்றக் கூறலாகும். நூற்பா மட்டும் நின்று உரை இல்லாமற் போதலின். பக்கக்கணக்கில் நீளும் பத்தியோ மயங்க வைத்தலாகும். நூற்பாக்கள் பல ஓருரையுட் புகுந்து ஒன்றையொன்று மறைத்தலின்.

பத்திகள் தம்முள் இயையும் முறைக்கும் மரபு வழிகாட்டுகின்றது. நூற்பாக்கள் நிற்கும் நிலையை ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என நால்வகையாக இலக்கணிகள் கூறினர். முன்பத்தியின் முடிபே பின்பத்தியின் தொடக்கமாதல் ஆற்றொழுக்கு. ஆராய்ச்சியுரைக்குப் பெரிதும் உரியது இதுவே. முன்னே நிறுவியதையும் பின்னே நிறுவப்போவதையும் ஒருங்கு நோக்கி நிற்கும் பத்தி அரிமா நோக்கம். ஓர் இயலின் நடுவே இத்தகையது ஒன்று இருத்தல் படிப்போர்க்குப் பேருதவியாம். இடையில் நின்றதை விடுத்து முன்னொரு பத்தியோடு இயைதல் தவளைப் பாய்த்து; இதனை ஆள்வோர் எங்குப் பாய்கின்றோம் என்பதை ஒரு சொல்லாலேனும் உணர்த்துதல் கடன். பருந்தின் வீழ்வாகத் திடுமென ஒரு பொருளைக் கவர்ந்து அகலும் பத்தியும் சிலவிடத்து வேண்டப்படும். ஆயின் ஓருரை முழுதும் பருந்துகளே வீழ்ந்துகொண்டிருப்பின் படிப்போர் திகைப்பர்.

இங்ஙனம் வரையறுத்தால் எல்லார் நடையும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆகிவிடாதோ எனச் சிலர் ஐயுறலாம். மறைமலையடிகள் (1876–1950) நடையில் தொடர்கள் நீண்டு செல்லும், திரு. வி. க. (1883–1953) நடையில் தொடர்கள் குறுகி அடுக்கி வரும். இவ்விருவர் நடையிலும் காண்டிகையின் ஐந்துறுப்பும் அமைதற்குத் தடையில்லை. உறுப்பு வேறு, நடை வேறு. ஐந்தும் இவ்வரிசையிலேயே எல்லாப் பத்தியிலும் நிற்றல் வேண்டும் என்பதும் எம் கருத்தன்று. வினாவிலே தொடங்கும் பத்தியும், காட்டிலே தொடங்கிக் கருத்திலே முடியும் பத்தியும் உண்டு. கதையும் புனைவுக் கட்டுரையும் வேறு நெறியின. ஈண்டு வேண்டுவது ஒன்றே: ஆராய்ச்சிப் பத்தி ஒவ்வொன்றும் யாதொன்றை நிறுவ எழுந்தது என்னும் வினாவிற்கு விடையுடையதாதல் வேண்டும்.

எழுதி முடித்த இயலினை மாணவர் தாமே சோதித்துக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு பத்தியிலும் நூற்பாவாக நிற்கும் தொடரை மட்டும் பெயர்த்து ஒரு தனித்தாளில் வரிசையாக எழுதுக. அவ்வரிசை தொடர்ந்து செல்லும் ஒரு வாதமாக அமையின் இயல் நிலைபெற்றது என்க. எழுதுவதற்குத் தொடரே அகப்படாத பத்தி, உரை மட்டும் நின்று நூற்பா இல்லாதது. அதனை நீக்குக, அன்றி அதற்குரிய கருத்தைத் தேடுக. அத்தேட்டமே ஆராய்ச்சி என்பதையும், பத்தியமைப்பு அதன் புறத்தே நிற்கும் ஒப்பனை அன்று என்பதையும் அப்போது அவர் தாமே உணர்வர்.