மலையகக் குளிரில் செயின்சோ: வாங்கும் முன் ஸ்டார்ட் செய்து பாருங்கள்

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்தால் சவுக்கும் டர்பன்டைனும் சாயத் தொடங்கிவிடும். லயத்துக் கூரையில் கிளை விழும், கொழுந்து லொறி போகும் பாதை அடைபடும், மின்கம்பி அறுந்து தொங்கும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களைப் புரட்டிப் போட்டபோது, மண்சரிவோடு விழுந்து கிடந்த மரங்களை அறுத்து அகற்றிய பிறகே பல பாதைகள் திறந்தன. அப்படிப்பட்ட நாளில் தோட்டமே தேடும் பொருள் செயின்சோ. அன்று பார்த்து அது ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால், அங்கிருந்துதான் ஆபத்து தொடங்குகிறது.

செயின்சோவைப் பற்றிப் பேசுவோர் வழக்கமாக பாரின் நீளத்தையும் எஞ்சினின் வலுவையும்தான் கேட்பார்கள். இந்த விமர்சனம் அதற்கு முன் வேறொன்றைக் கேட்கிறது: மெஷின் எவ்வளவு ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது? கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் சலித்தவர், பொறுமை இழந்து மெஷினை ஒரு கையில் தூக்கிப்பிடித்து மறுகையால் இழுக்கிறார். எஞ்சின் திடீரெனப் பற்றிக்கொண்டால், சுற்றும் சங்கிலிக்கும் அவரது தொடைக்கும் இடையே எதுவும் இருப்பதில்லை. ஆகவே, ஒழுங்காக ஸ்டார்ட் ஆவது வசதி மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட.

இரண்டு மெஷின்கள், இரண்டு வேலைகள்

அன்ட்ரியாஸ் ஸ்டில் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர் 1929இல் வெளியிட்ட பெற்றோல் மரவெட்டி 46 கிலோ எடை. அதைத் தூக்கி இயக்க இரண்டு பேர் வேண்டும். இன்று அவர் பெயரிலான ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 170, பாரும் சங்கிலியும் இல்லாமல் நான்கு கிலோவை ஒட்டிய எடைதான். 30.1 சிசி எஞ்சின், 1.2 கிலோவாட் வலு. கொப்புக் கழிக்க, விறகு துண்டுபோட, பாதையில் விழுந்த நடுத்தரக் கிளையை அகற்ற இது போதும்.

எம்எஸ் 381 வேறு தரம். 72.2 சிசி, 3.9 கிலோவாட், ஆறரைக் கிலோவுக்கு மேல் எடை. தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு விறகாகப் போகும் முற்றிய டர்பன்டைனைச் சாய்க்க இதுபோன்ற வலு வேண்டும். ஆனால் நாள் முழுவதும் சரிவில் ஏறி இறங்கித் தூக்கித் திரிய, பழகிய உடம்பும் வேண்டும். ‘58 சிசி’ என்று எழுதி மலிவாக விற்கப்படும் பெயர் தெரியாத மெஷின்களை வாங்க நினைப்பவர்கள், உதிரிப்பாகமும் பழுதுபார்ப்பும் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கிடைக்குமா என்று முதலில் விசாரிப்பது நல்லது.

உயரம் எஞ்சினைத் திணறடிக்கும்

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். எஞ்சினின் வலுவும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இறங்கும். எம்எஸ் 381இன் 3.9 கிலோவாட், கணக்குப்படி மூன்றை ஒட்டி வந்து நிற்கும். 1.2 கிலோவாட் எம்எஸ் 170 ஒன்றைத் தொடும், அவ்வளவுதான்.

வலுக் குறைவதோடு கதை முடியவில்லை. காற்று மெலிந்தாலும் சாதாரண காபரேற்றர் பழைய அளவிலேயே பெற்றோலை விடுகிறது. கலவையில் பெற்றோல் கூடிவிடுகிறது. புகை அதிகம் வரும், பிளக் கறுத்து ஈரமாகும், முழு வேகத்தில் எஞ்சின் தடுமாறும், ஸ்டார்ட் செய்யும்போது சுலபமாகப் பெற்றோல் அடைத்துக்கொள்ளும். எம்எஸ் 381இன் காபரேற்றரில் எச் என்று குறித்த திருகை வலப்பக்கம் சற்றே திருப்பினால் இதைச் சரிசெய்யலாம். அந்தத் திருத்தம் மலைக்கு மட்டுமே பொருந்தும் என்பதை மறக்கக்கூடாது. நானுஓயாவில் திருத்திய மெஷினை அப்படியே கித்துள்கல, அவிசாவளைப் பக்கம் இறக்கி வேலை செய்தால், பெற்றோலும் அதோடு வரும் ஒயிலும் குறைந்து பிஸ்டன் இறுகிப்போகும். மலைக்கும் கீழ்நாட்டுக்கும் மாறி மாறிப் போகும் கொந்தராத்துக்காரர்களுக்கு, கலவையைத் தானே திருத்திக்கொள்ளும் ஸ்டில் எம்-ட்ரோனிக், ஹஸ்க்வர்னா ஓட்டோடியூன் வகை மெஷின்கள் கூடுதல் விலைக்குத் தகுதியானவை.

தரையில் வைத்து, பிரேக்கைப் போட்டு

முதலில் எரிபொருள். ஸ்டில்லின் சொந்த டூ-ஸ்ட்ரோக் ஒயில் என்றால் ஐம்பதுக்கு ஒன்று: ஐந்து லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர். வேறு டூ-ஸ்ட்ரோக் ஒயில் என்றால் நிறுவனம் சொல்வது இருபத்தைந்துக்கு ஒன்று, அதாவது 200 மில்லிலீற்றர். பெற்றோல் நிலையத்து 92 ஒக்டேன் தாராளமாகப் போதும். கலந்து வைத்ததை 30 நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். பெற்றோல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் சங்கிலி ஒயிலையும் நிரப்ப வேண்டும். ஊற்றிய இடத்திலேயே ஸ்டார்ட் செய்யாமல், குறைந்தது மூன்று மீற்றர் தள்ளிப் போக வேண்டும்.

அடுத்து, மெஷினைச் சமதரையில் வைத்து, முன்னால் உள்ள கைக்காப்பை முன்புறம் தள்ளிச் செயின் பிரேக்கைப் போட வேண்டும். சரிவில் சமதரை கிடைக்காவிட்டால், தேயிலை வரிசைக்கு இடையே ஒரு காலடி மண்ணை வெட்டிச் சமப்படுத்திக்கொள்வது அரை நிமிட வேலை. பிரேக் ஏன் என்றால், குளிர் ஸ்டார்ட் நிலையில் திராட்டில் பாதி திறந்தே இருக்கும். எஞ்சின் பற்றிய கணமே சங்கிலி ஓட முயலும். அதைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பிரேக் மட்டுமே.

எம்எஸ் 170இல் ஒரே விசைதான் எல்லாவற்றையும் கட்டுப்படுத்துகிறது. மேலே நிறுத்தம், அடுத்து ஓட்டம், அதன்கீழ் சூடான ஸ்டார்ட், அடியில் சோக் மூடிய குளிர் ஸ்டார்ட். ஜனவரி, பெப்ரவரிக் காலையில் உறைபனி தேயிலையைக் கருக்கும் நாளில், அடிநிலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். இடக்கையால் முன்பிடியைத் தரையோடு அழுத்தி, வலக்காலின் நுனியைப் பின்பிடிக்குள் மிதித்து, கயிற்றை மெதுவாக இழுத்து, தடை தெரிந்ததும் விறுக்கென்று இழுக்க வேண்டும். கயிற்றை முடிவுவரை இழுக்கவும் கூடாது, கைவிட்டுச் சுண்ட விடவும் கூடாது.

எஞ்சின் ஒருமுறை குமுறி அணைந்தால் அதுவே சைகை. உடனே விசையைச் சூடான ஸ்டார்ட்டுக்கு உயர்த்தி மறுபடி இழுக்க வேண்டும். ஓடத் தொடங்கியதும் திராட்டிலை ஒருமுறை தட்டிவிட்டால் எஞ்சின் சாதாரண ஓட்டத்துக்கு இறங்கிவிடும். அதன்பின் பிரேக்கை விடுவித்து, பிறகே வேகம் கொடுக்கலாம். பிரேக்கைப் போட்டபடி முழு வேகம் கொடுத்தால் கிளச் கருகும்.

இந்த ஒற்றை விசை அமைப்பு எம்எஸ் 170இன் பெரிய பலம். புதியவருக்கும் குழப்பம் குறைவு. ஆனால் முதல் குமுறலைக் கவனிக்காமல் சோக் நிலையிலேயே இழுத்துக்கொண்டிருந்தால், மலைக்காற்றில் மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் பெற்றோல் அடைத்துவிடும்.

ஸ்டார்ட் ஆகவில்லையா?

பெற்றோல் வாடை அடித்தால், உள்ளே அடைத்திருக்கிறது. விசையை நிறுத்தத்தில் வைத்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து உலர்த்தி, பிளக் இல்லாமலே கயிற்றைச் சிலமுறை இழுத்தால் தேங்கியது வெளியேறும். அந்நேரம் பிளக் வயரைத் துளையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும், பொறி பட்டால் தீப்பற்றும். பிளக்கை இறுக்கிப் பூட்டியபின், எஞ்சின் குளிர்ந்திருந்தாலும் சோக்கைத் தொடாமல் சூடான ஸ்டார்ட் நிலையில் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பிளக் காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை என்று பொருள். தாங்கிக்குள் குழாய் நுனியில் உள்ள சிறு பில்டர், பழைய கலவை, கலனின் அடியில் தேங்கிய தண்ணீர் மூன்றையும் பார்க்கலாம். மூடுபனி இறங்கும் தோட்டத்தில் பாதி நிரம்பிய கலனுக்குள் ஈரம் படிவது சாதாரணம்.

ஸ்டார்ட் ஆகியும் வேகம் எடுக்காவிட்டால், முதலில் காற்று பில்டரைக் கழற்றுங்கள். ஈர மரத்தூள் அதில் அப்பிக் காய்ந்திருக்கும். அது சுத்தமென்றால் சைலன்சரின் பொறித்தடுப்பு வலையைப் பாருங்கள், கரி அடைத்திருக்கலாம். இவ்வளவும் சரியாக இருந்தும் எஞ்சின் திணறினால் காபரேற்றரைப் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே நல்லது. ஓய்வு ஓட்டத்தில் சங்கிலி தானாகச் சுற்றினால் எல்ஏ என்று குறித்த திருகை இடப்பக்கம் திருப்பி, சங்கிலி நிற்கும்வரை வேகத்தைக் குறைக்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் அந்த மெஷினை யாரும் தூக்கவே கூடாது.

ஓடத் தொடங்கிய பிறகு

பாரின் நுனியின் மேற்பாதி மரத்தில் பட்டால், மெஷின் கண்மூடித் திறப்பதற்குள் இயக்குபவரின் முகத்தை நோக்கி எழும்பும். புயலில் விழுந்த மரத்தில் வேறோர் ஆபத்தும் உண்டு: வளைந்து அழுந்திக் கிடக்கும் கொப்பை அறுத்ததும் அது வில்லாகத் தெறிக்கும். மரம் சாய்க்கும்போது அதன் உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக்கூடாது. 20 மீற்றர் டர்பன்டைன் என்றால் 50 மீற்றர். அதே மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களை முன்கூட்டியே வேறு மலைக்கு மாற்றுவது கங்காணியின் பொறுப்பு, தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. சரிவின் கீழ்ப்பக்கத்தில் எந்தத் தூரத்திலும் ஆள் இருக்கக்கூடாது, துண்டான கட்டை உருண்டு வரும்.

மெஷினின் இரைச்சல் 100 டெசிபெலை ஒட்டியது. காதுக்காப்பு, முகவலையோடு கூடிய தலைக்கவசம், இறுக்கமான சப்பாத்து, வெட்டுத் தடுக்கும் காற்சட்டை இவையெல்லாம் மெஷின் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டிய செலவு. அந்தக் காற்சட்டையின் உள்நார்கள் சங்கிலியில் சிக்கி அதை நிறுத்துகின்றன. செருப்புக் காலோடும் சாரத்தோடும் ஒரு தொழிலாளியிடம் செயின்சோவைக் கொடுப்பதை எந்த நிர்வாகமும் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்ட முடியாது. 2019 ஜூனில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, காடுகளைக் காக்கச் செயின்சோ இறக்குமதிக்குத் தடை அறிவித்தார். ஆகவே பழைய மெஷின் வாங்குவோர் பதிவுப் பத்திரத்தைக் கேட்டு வாங்குவதும், இப்போதைய விதிகளைப் பொலிஸ் நிலையத்தில் விசாரிப்பதும் அவசியம். 1992 முதல் பெரும்பாலான தோட்டங்கள் கம்பனி நிர்வாகத்தில் இருக்கின்றன. லயத்தின் மேல் சாயும் மரத்தைக்கூடக் குடியிருப்பவர் தாமாக வெட்ட முடியாது. தோட்ட ஒபிஸுக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பிரதி ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

தீர்ப்பு

விறகுக்கும் கொப்புக்கும் எம்எஸ் 170 நல்ல தேர்வு. உயரத்தில் வலுக் குறைந்தாலும் அந்த வேலைக்குப் போதும், ஸ்டார்ட் முறை தெளிவானது. தடித்த மரத்துக்கு அதை அழுத்தி வதைக்க வேண்டாம். எம்எஸ் 381 பயிற்சி பெற்றவர் கைக்கு மட்டும் உரியது. எதை வாங்கினாலும், எஞ்சின் குளிர்ந்திருக்கும் நிலையில் கடைக்காரரைத் தரையில் வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பிரேக் பிடிக்கிறதா, ஓய்வு ஓட்டத்தில் சங்கிலி அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். எம்எஸ் 170 சங்கிலிக்குரிய 4 மில்லிமீற்றர் அரத்தையும் ஒரு மாற்றுப் பிளக்கையும் அன்றே வாங்கிவிடுங்கள்.