அடையா வாயில்

சிறுபாணாற்றுப்படையின் 269 அடிகளில் நம் தமிழாசிரியர்கள் மிகவும் சிலாகித்தது நல்லியக்கோடனின் வாயிலை. பொருநர், புலவர், அந்தணர் என்ற மூவருக்கும் அது அடைபடுவதில்லை என்கிறார் நத்தத்தனார். தெய்வ மலை கண் விழித்தாற்போன்ற வாயில் என்கிறார். வள்ளன்மைக்கு வேறு என்ன சான்று வேண்டும் என்று வகுப்பு முடிந்துவிடுகிறது. எனக்குச் சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

யார் யாருக்கு அடைக்கமாட்டார்கள் என்று பட்டியல் தரவேண்டியிருக்கும் வாயில், மற்றவர்களுக்கு அடைக்கக்கூடியது. அதே மூச்சில் கவிஞரே அதை 'அருங்கடை' என்கிறார். நெருங்க அரிய கடை. இந்தச் சொல்லை உரை சொல்பவர்கள் ஓசைப்படாமல் தாண்டிப் போகிறார்கள்.

மரக்காணத்து உப்பளங்களின் ஓரம் நடந்தபோது இது உறைத்தது. பாட்டு மதிலின் பெயரால் சுட்டுகிற எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பார்கள். அந்தப் பகுதியில் வாயிலே வரவில்லை. அலை கொண்டுவந்து ஒதுக்கிய, ஒட்டகம் உறங்குவது போன்ற அகில் கட்டையில் தீ மூட்டி நுளையர் பெண் காய்ச்சிய தேறலும், சுட்ட மீனும் பாணனுக்கு இடந்தோறும் கிடைக்கின்றன. காவலும் இல்லை, பட்டியலும் இல்லை. ஆனால் பாட்டு முடிவது அரசன் வாயிலில். தந்தவர்களுக்குப் பெயர்கூட இல்லை. உப்பு வணிகரான உமணரின் பிள்ளைகள் கொற்கையில் ஒரு மந்தியோடு விளையாடுவதோடு சரி. வாயிற் பட்டியலில் உமணர் இல்லை.

கொஞ்சம் வடக்கே, நத்தத்தனாரின் இடைக்கழிநாட்டிலேயே, ஆலம்பரைக் கோட்டை கிடக்கிறது. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். மிச்சத்தை 2004 சுனாமி உலுக்கியது. இன்று அதற்குள் யாரும் போகலாம். தருவதற்குத்தான் உள்ளே ஆள் இல்லை. திறந்திருப்பதையே வள்ளன்மை என்றால் ஆலம்பரைதான் நம் முதல் வள்ளல்.

நத்தத்தனாரைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. 'அருங்கடை' என்று எழுதுமளவு நேர்மை அவருக்கு இருந்தது. குறை வாசகர்களான நம்முடையது. நாம் புலவர்கள்; பட்டியலில் இருக்கிறோம். அதனால் அந்த வாயில் உலகத்துக்கே திறந்திருப்பதாக நமக்குத் தோன்றிவிட்டது. நாம் நடத்தும் சிறுபத்திரிகைகளின் வாயிலும் இப்படித்தான் நமக்குத் தோன்றுகிறது என்று சந்தேகிக்கிறேன். உப்பு வாருகிறவன் இதுவரை நமக்குப் படிமமாக மட்டுமே வந்திருக்கிறான்.