கல்லும் நூலும்: தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் மன்னர் வரலாற்று முறை

முன்னுரை

அரியலூர் மாவட்டம் திருமானூர் ஒன்றியத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்தது திருமழபாடி. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் அவ்வூர்க் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் அங்கிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்திற் படியெடுத்து வைக்குமாறும் பணித்தான். அவன் மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 1026இல், அவை மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன. இச்செய்தியை அக்கோயிற் கல்வெட்டே தெரிவிக்கிறது. பழைய ஆவணத்தை அழியவிடாமலும் அதன் சொல்லை மாற்றாமலும் காக்க வேண்டும் என்னும் பொறுப்புணர்வு இதிற் புலனாகிறது. இருபதாம் நூற்றாண்டில் கல்வெட்டுகளைத் துணைக்கொண்டு தமிழில் மன்னர் வரலாறு எழுதியவர்களுள் முன்னிற்பவர் தி. வை. சதாசிவ பண்டாரத்தார் (1892–1960). அவருடைய 'முதற் குலோத்துங்க சோழன்' என்னும் நூலை முதன்மையாகக் கொண்டு, அவரது முறையின் வலிமையையும் எல்லையையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

வாழ்வும் பணியும்

பண்டாரத்தார் கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பயத்திற் பிறந்தவர். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பல்லவரும் பாண்டியரும் பொருது, சோழர் எழுச்சிக்கு வழி திறந்த போர்க்களம் அவ்வூரே. 1917 முதல் 1942 வரை கும்பகோணம் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழாராய்ச்சித் துறையிற் சேர்ந்தார். 'முதற் குலோத்துங்க சோழன்' 1930இல் வெளிவந்தது. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் பற்றிய ஆங்கிலப் பெருநூல் 1935இலும் 1937இலும் இரு தொகுதிகளாக வந்தமையை நோக்க, ஒரு பள்ளித் தமிழாசிரியரின் இம்முயற்சி எத்துணை முற்பட்டது என்பது விளங்கும். கல்வெட்டு ஆய்வு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நிகழ்ந்த காலத்தில் அதன் முடிவுகளைத் தமிழ் மாணவர் படிக்கத் தந்தது அவரது முதற்பெருந்தொண்டு. மூன்று பகுதிகளாக அமைந்த 'பிற்காலச் சோழர் சரித்திரம்' இதன் விரிவே எனலாம்.

காலவரிசையின் வலிமை

குலோத்துங்கன் வாழ்க்கை வரலாறு எழுதுவோனுக்கு முதல் இடர் பெயரிலேயே உள்ளது. வேங்கிச் சளுக்கிய மன்னன் இராசராச நரேந்திரனுக்கும் முதலாம் இராசேந்திரன் மகள் அம்மங்கைதேவிக்கும் பிறந்த இவன், சோழ அரியணை ஏறிய தொடக்க ஆண்டுகளில் இராசேந்திரன் என்ற பெயராலேயே கல்வெட்டுகளிற் குறிக்கப்படுகிறான். பாட்டனும் மாமனும் அப்பெயரினர். அவ்விருவரும் பரகேசரிகள், இவன் இராசகேசரி. பட்டப்பெயர், மெய்க்கீர்த்தி, ஆட்சியாண்டு, உடன் குறிக்கப்படும் அரசியர், அதிகாரிகள் ஆகியவற்றை ஒப்பிட்டாலன்றி எந்தச் சாசனம் எவனுடையது எனத் துணிய இயலாது. இத்தகைய பொறுமையான ஒப்பீடே பண்டாரத்தார் நூல்களின் முதுகெலும்பு. புகழுரைகளால் மூடுண்டிருந்த ஓர் அரசன், இம்முறையால் ஆண்டும் இடமும் உறவும் உடைய மனிதனாக வெளிப்படுகிறான்.

சான்றுகளை எடையிடுதல்

1070இல் அதிராசேந்திரன் சில காலமே ஆண்டு மறைய, குலோத்துங்கன் முடிசூடினான். இது முறையான உரிமையா, கைப்பற்றலா என்பது பெரிய வினா. குடிகளின் கலகத்தில் சோழ இளவரசன் மாண்டதாகவும், வேங்கி அரசன் அரியணையைக் கவர்ந்ததாகவும் பில்கணரின் வடமொழிக் காவியம் கூறுகிறது. பண்டாரத்தார் குலோத்துங்கன் மீது பழி சுமத்த உடன்படவில்லை. பில்கணர் பகைவனான ஆறாம் விக்கிரமாதித்தனின் அவைப்புலவர்; ஆகவே அவர் கூற்றை ஐயுறுவது முறையே.

எனினும் அதே ஐயம் சயங்கொண்டார் மீதும் எழுதல் வேண்டும். அவரும் அவைப்புலவரே. குலோத்துங்கனின் இளமை குறித்த பகுதியில் பண்டாரத்தார் கலிங்கத்துப்பரணியைப் பெரிதும் சார்ந்துள்ளார். மகள் வயிற்றுப் பேரன் ஒருவன் சோழ அரியணைக்கு உரியவன் என நிறுவ வேண்டிய தேவை அன்றைய அரசவைக்கு இருந்தது. அத்தேவையை நிறைவு செய்யும் பாடலை வாழ்க்கைச் செய்தியாக அப்படியே கொள்ளும் இடத்தில் வரலாற்றாசிரியர் சற்றே அவைப்புலவராகிவிடுகிறார். சான்று நட்பானது என்பதால் மெய்யாகிவிடாது.

மன்னர் நிழலிற் சிற்றரசர்

இம்முறையின் மற்றோர் எல்லையைத் திருமானூர்ப் பகுதியே காட்டும். கீழப்பழுவூர், மேலப்பழுவூர் வட்டாரத்தை ஆண்ட பழுவேட்டரையர் தனிக்கோயில்கள் எடுத்தவர்கள். முதலாம் பராந்தகனுக்குப் பெண் கொடுத்தவர்கள். வெள்ளூர்ப் போரில் அவன் பக்கம் நின்றவர்கள். இராசராசன் தேவியருள் ஒருவரான பஞ்சவன்மாதேவியும் இக்குடியினரே. எனினும் பேரரசன் ஒருவனை நடுவில் நிறுத்தி எழுதும் வரலாற்றில், மாமனாராகவோ படைத்துணையாகவோ மட்டுமே இவர்கள் தோன்ற இயலும். இது பண்டாரத்தாரின் குறை என்பதினும் மன்னர் வாழ்க்கை வரலாறு என்னும் வடிவத்தின் குறை எனல் பொருந்தும். கல்வெட்டுகளோ அரசனை மட்டும் பேசுவன அல்ல. விளக்கெரிக்க ஆடு ஈந்தவரையும் நிலம் விற்ற ஊர்ச்சபையையும் பேசுவன. மெய்க்கீர்த்தி முடிந்தபின் வரும் அவ்வரிகளே சாசனம் வெட்டப்பட்டதற்குக் காரணமானவை.

முடிவுரை

பண்டாரத்தாரின் காலக்கணிப்புகளிற் சில புதிய கண்டுபிடிப்புகளால் திருத்தம் பெறலாம். அவர் காட்டிய ஒழுங்கு திருத்தம் வேண்டாதது. சாசனத்தை உள்ளவாறு படித்து, ஒப்பிட்டு, துணிந்த இடங்களில் அவர் நூல் இன்றும் உறுதியாக நிற்கிறது. அரசனின் பெருமையைப் போற்றும் இடங்களில் தளர்கிறது. அவரைக் கற்போர் முன்னதைக் கைக்கொண்டு பின்னதை விலக்குதலே அவருக்குச் செய்யும் நன்றி. திருமழபாடியிற் படியெடுத்தவர்கள் அரசன் சாசனத்தோடு எளிய கொடையாளரின் சாசனத்தையும் காத்தனர். இனிவரும் வரலாற்றாசிரியரிடமும் அதையே எதிர்பார்க்கலாம்.