கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது?

பி.எட். படித்த எவருக்கும் நுண்ணிலைக் கற்பித்தல் தெரிந்திருக்கும். 1963 வாக்கில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய முறை அது. சிலரை உட்காரவைத்துச் சில நிமிடங்கள் பாடம் நடத்துவது, வீடியோவில் பார்ப்பது, திருத்தி மீண்டும் நடத்துவது. இந்தியாவில் இதற்காக என்.சி.இ.ஆர்.டி. வகுத்த 36 நிமிடச் சுற்றில் வீடியோ கட்டாயமில்லை. சக மாணவர்கள் குறிப்பெடுத்துச் சொன்னால் போதும். இன்று கேமரா எல்லார் பையிலும் இருக்கிறது.

அதன் பலம் பெரிது. "ஒளிச்சேர்க்கைக்கு என்னென்ன வேணும்?" என்று கேட்ட ஆசிரியர், அடுத்த மூச்சில் "சூரிய ஒளி..." என்று தானே தொடங்கிவிடுகிறார். யோசிக்க நேரம் கொடுத்ததாகவே அவர் மனதார நம்புவார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்றாக்கினால் பிள்ளைகளின் பதில்கள் நீள்கின்றன என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ காட்டினார். அந்த ஒரு விநாடியைச் சக ஆசிரியர் தவறவிடலாம், பதிவு தவறவிடாது. "புரிஞ்சுதா?" என்று எத்தனை முறை கேட்டோம், பதில் முன்வரிசையிலிருந்து மட்டும் வந்ததா என்பதும் அப்படித்தான். இதற்கெல்லாம் ஒலிப்பதிவே போதும் என்பது என் கருத்து.

படம் வந்ததும் சிக்கலும் வருகிறது. முதல்முறை பார்ப்பவரின் கண் தொப்பைக்கும் முன்வழுக்கைக்கும் போகிறது. மண்டையோட்டு எலும்பு வழியாகவும் கேட்டுப் பழகிய சொந்தக் குரல், பதிவில் அந்நியமாக ஒலிக்கிறது. பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். வழிகாட்டுபவர் இல்லாமல் தன்னையே பார்ப்பது மனத்தைப் புண்படுத்தக்கூடும் என்று ஆய்வாளர்கள் ஃபுல்லரும் மேனிங்கும் 1973லேயே எச்சரித்தார்கள். ஒரு தடவைக்கு ஒரே கேள்வியோடு பார்ப்பதும், நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதும் உதவும்.

இதைவிட ஆழமான குறை, கேமரா நிற்கும் இடம். கடைசி பெஞ்சிலிருந்து எடுத்தால் ஆசிரியர் தெரிவார். பிள்ளைகளின் பின்தலைதான் தெரியும். எந்த வரியில் ஒரு மாணவி தொலைந்துபோனாள் என்பது அவள் முகத்தில் இருந்தது. மேடைப்பேச்சுக்கும் இது பொருந்தும். அறையில் தனியாக லென்ஸைப் பார்த்துப் பழகியவருக்கு உச்சரிப்பு தெளியும். கூட்டத்தின் சலசலப்பைக் கேட்டு அடுத்த வாக்கியத்தை மாற்றும் திறன் வராது.

ஆகவே கேமராவை வகுப்பின் பக்கமும் திருப்ப வேண்டும். பெற்றோர் சம்மதம் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. பதிவு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகவே கூடாது. நிர்வாகம் அதை மதிப்பெண் போடக் கேட்டால், ஆசிரியர் ஒத்திகை பார்த்த பாடத்தைத்தான் நடத்துவார். திருத்த வேண்டிய பாடம் பதிவாகாது. யாரிடம் காட்டுவது, எப்போது அழிப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.