பூசாரி நிற்க வேண்டிய இடம்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மனநோயாளிகள் தேடிப்போகும் தர்கா உள்ள ஏர்வாடியில் ஒரு கூரைக் கொட்டகை தீப்பிடித்து எரிந்தது. உள்ளே இருந்த மனநோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அன்றிலிருந்து மனநோயையும் வழிபாட்டிடத்தையும் சேர்த்துப் பேசினாலே ஏர்வாடி என்று ஒரு சொல்லைச் சொல்லி விவாதத்தை முடித்துவிடுகிறோம். அப்படி முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

தீப்பிடித்த இடம் தர்கா அல்ல, தனியார் நடத்திய காப்பகம். ஆனால் அந்தக் காப்பகத்தை அங்கே வரவழைத்தது தர்காவின் நம்பிக்கைதான். தர்காவில் அடக்கமாகியிருக்கும் ஷஹீத் கனவில் வந்து உத்தரவு தந்தால்தான் நோயாளி வீடு திரும்பலாம் என்பது அங்கு வருகிறவர்களின் நம்பிக்கை. உத்தரவு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வயலையும் வேலையையும் விட்டு மாதக்கணக்கில் காத்திருக்க முடியாத குடும்பங்கள், பணம் கட்டி நோயாளியை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போயின. அந்தத் தேவையில்தான் காப்பகங்கள் பெருகின. முடிவு எப்போது என்று சொல்லாத சிகிச்சை, கேள்வி கேட்க ஆளில்லாத இடம். சங்கிலி இவை இரண்டுக்கும் பிறகு வந்தது.

இருந்தும் மக்கள் ஏன் இத்தகைய வழிபாட்டிடங்களுக்குப் போகிறார்கள்? அறியாமை என்று சொல்வது எளிது. 2015-16இல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனநோய் உள்ளவர்களில் பெரும்பான்மையோர் சிகிச்சையே பெறவில்லை. மனநல மருத்துவர் மாவட்டத் தலைநகரில் இருக்கிறார். பூசாரியும் லெப்பையும் பாஸ்டரும் அடுத்த தெருவில் இருக்கிறார்கள். நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து வருகிறார்கள். குடும்பம் முழுவதையும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். நோயாளியை அங்கே அழைத்துப்போவதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை.

“காத்து கருப்பு பட்டுடுச்சு” என்ற விளக்கத்துக்கும் ஒரு பலன் உண்டு. குற்றம் நோயுற்ற பெண்மேலோ அவளை வளர்த்த தாய்மேலோ விழுவதில்லை, வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்றின்மேல் விழுகிறது. ஆனால் அவளைக் காப்பாற்றும் அதே விளக்கம்தான் அடிக்கவும் அனுமதி தருகிறது. உள்ளே இருப்பது பேய் என்று ஆகிவிட்டால், சாட்டை படுவதும் பேய்மேல்தான் என்று சுற்றி நிற்பவர்கள் நம்பிவிடுகிறார்கள். அலறுவது அவள்தான் என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

வழிபாட்டிடங்களால் விளையும் நன்மைக்குச் சான்று இல்லாமல் இல்லை. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 நோயாளிகளை ஆராய்ந்து, ஆர். ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு இது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைவிட முக்கியமானது, அந்தக் கோயிலில் பேயோட்டும் சடங்கு எதுவும் நடக்கவில்லை. கட்டணம் கிடையாது. வீட்டிலிருந்து ஒருவர் கூடவே தங்குவார். பூசையில் கலந்துகொள்வதும் சிறு சிறு வேலைகள் செய்வதுமாக நாள் கழியும். அச்சமில்லாத, ஆதரவான சூழல்தான் மாற்றத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அப்படியானால் குணப்படுத்தியதில் பெரும்பங்கு மந்திரத்துக்கு அல்ல, கூட இருந்தவர்களுக்கே. வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையமும் நோயாளியுடன் குடும்பத்தார் தங்குவதைத் தன் சிகிச்சையின் ஓர் அங்கமாகவே பல பத்தாண்டுகளாக வைத்திருக்கிறது.

மதத் தலைவர் செய்யக்கூடிய மிகப் பெரிய தீங்கு, என் பார்வையில், தாயத்தோ வேப்பிலையோ அல்ல. “மாத்திரையை நிறுத்து, விசுவாசம் போதும்” என்று மேடையிலிருந்து சொல்லும் ஒரு வாக்கியம். மனச்சிதைவுக்கான மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் அதிகம். திரும்பிய பிறகு, “உன் விசுவாசத்தில்தான் குறை” என்று பழியும் நோயாளியின் தலையிலேயே விழுகிறது. தற்கொலை எண்ணம் உள்ள ஒருவருக்கு இதைவிடக் கொடிய தீர்ப்பு இல்லை. காலதாமதமும் அப்படித்தான். முதல்முறை மனம் சிதறும்போது சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. சிகிச்சை தொடங்க வேண்டிய அந்த மாதங்கள் பரிகாரங்களில் கரைந்துபோகின்றன.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. ஆனால் தடையால் மட்டும் ஒரு குடும்பத்துக்கு வேறு வழி கிடைத்துவிடாது. திருச்சிக்கு அருகே குணசீலம் பெருமாள் கோயிலை ஒட்டி, அனுமதி பெற்ற மனநல மறுவாழ்வு மையம் இயங்குகிறது. வழிபாடும் நடக்கிறது, மருத்துவர் தரும் மருந்தும் உள்ளே போகிறது. ஏர்வாடியிலேயே ‘தவா-துவா’ என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் கைகோத்தன. இந்த வழியைத்தான் நான் ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. மருத்துவரிடம் அனுப்புவது அர்ச்சகரின் நல்ல மனசைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது, அது அந்த இடத்தின் விதியாக இருக்க வேண்டும். நோய் இன்னதென்று தீர்மானிப்பதும் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை. ஆறுதல் சொல்வதும், பயத்தைத் தணிப்பதும், மாத்திரை போட்டாயா என்று கேட்பதும் மதத் தலைவரின் வேலை. இது சின்ன வேலை இல்லை. மருத்துவர் சொன்னால் கேட்காத குடும்பம் இவர் சொன்னால் கேட்கும்.

அறநிலையத் துறையும் வக்ஃப் வாரியமும் திருச்சபைகளும் நோயாளியை மருத்துவரிடம் அனுப்புவதை எழுத்தில் விதியாக்க வேண்டும். முதல் வேலையாக, மனநல உதவிக்கான டெலி மனாஸின் 14416 என்ற இலவச எண்ணை ஒவ்வொரு சன்னதியிலும் தர்காவிலும் ஜெபக்கூடத்திலும், உண்டியலுக்குப் பக்கத்திலேயே, பெரிதாக எழுதி வைக்கட்டும்.